'தௌ' என்றால் தாங்களா, நீயா? ஹாம்லெட்டைத் தமிழாக்குவதில் ஒரு சந்தேகம்

கூத்துக்கிறுக்கன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் நாடகக்குழுவில் மொத்தமே ஏழு பேர். ஞாயிறு மாலை ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஒத்திகை. ஹாம்லெட்டை முழுசாகத் தொடத் தைரியம் இல்லை. மகனும் தாயும் அவள் அறையில் மோதிக்கொள்ளும் காட்சியை மட்டும் (மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி) அரை மணி நேரத் துண்டாகப் போடலாம் என்று இறங்கியிருக்கிறோம். தமிழாக்கம் என் தலையில் விழுந்தது.

அரசி கெர்ட்ரூட் மகனைப் பிடித்துக் கேட்கிறாள்: "ஹாம்லெட், தௌ ஹாஸ்ட் தை ஃபாதர் மச் அஃபெண்டட்." தௌ என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்கு அரண்மனை வாசனை வந்துவிட்டது. அதனால், "ஹாம்லெட், தாங்கள் தங்கள் தந்தையின் மனத்தைப் பெரிதும் நோகடித்துவிட்டீர்கள்" என்று எழுதினேன். அரசியாக நடிக்கும் அக்கா அதை வாசித்தார், தாளைக் கீழே வைத்தார். "எந்த ஊர்ல தம்பி பெத்தவ பிள்ளைய தாங்கள்னு கூப்பிடுவா? நான் என்ன அவனுக்கு சம்பளத்துக்கா இருக்கேன்?" என்றார். மாடியே சிரித்தது.

ராஜகுடும்பம் அப்படித்தான் பேசும் என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுபடி பார்த்தால், அடுத்த அடியில் மகன் அவளை 'யூ' என்கிறான்: "மதர், யூ ஹேவ் மை ஃபாதர் மச் அஃபெண்டட்." அம்மா மகனுக்கு தௌ, மகன் அம்மாவுக்கு யூ. மகன் மரியாதை கெட்டவனா, இல்லை நான் தலைகீழாகப் புரிந்துகொண்டேனா?

முள்ளங்கி

தௌ என்றால் நீ. எந்த அகராதியைத் திறந்தாலும் இருக்கு. இழையைப் பூட்டிடலாம்.

மரத்தடி வாசகி

முள்ளங்கி சொன்னது சரி. ஆனால் பூட்ட வேண்டாம், விஷயம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் கணக்கு சுத்தமாக இருந்தது. முன்னால் இருப்பவர் ஒருவர் என்றால் தௌ, பலர் என்றால் யே. தௌ எழுவாயாக வரும். செயப்படுபொருள் என்றால் தீ (நெருப்பு இல்லை). உடைமைக்குத் தை, உயிரொலிக்கு முன்னால் தைன். அந்தப் பக்கம் யே எழுவாய், யூ செயப்படுபொருள். நீ, உன்னை, உன், நீங்கள், உங்களை என்று நாம் வைத்திருக்கிற அதே கணக்கு. மரியாதை என்ற பேச்சே அதில் கிடையாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து, பிரெஞ்சு பேசிய மேல்தட்டைப் பார்த்து, பெரிய மனிதர் ஒருவரையே பன்மையில் அழைக்கும் வழக்கம் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்ததும் தௌ கீழே இறங்கிவிட்டது. வேலைக்காரனுக்கு, பிள்ளைக்கு, காதலிக்கு, எதிரிக்கு என்று ஆனது. ஷேக்ஸ்பியர் எழுதும் காலத்தில் படித்தவர்களுக்குள் யூ தான் சாதாரணம். ஒருவர் யூ சொன்னால் பெரிதாக அர்த்தம் பண்ண வேண்டியதில்லை. தௌ சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்: பாசமா, கோபமா, இளக்காரமா?

இப்போது உங்கள் காட்சி. நான்கு அடிகளைச் சும்மா பேச்சுத்தமிழில் வைத்துப் பார்க்கிறேன்.

அரசி: ஹாம்லெட், நீ உன் அப்பாவை ரொம்ப நோகடிச்சுட்டே.
ஹாம்லெட்: அம்மா, நீங்க என் அப்பாவை ரொம்ப நோகடிச்சுட்டீங்க.
அரசி: போதும் போதும், நீங்க வெட்டிப்பேச்சா பதில் சொல்றீங்க.
ஹாம்லெட்: போங்க போங்க, நீங்க கெட்ட பேச்சா கேள்வி கேக்குறீங்க.

அவள் சொல்லும் அப்பா, அவள் மறுமணம் செய்துகொண்ட, இப்போது சிம்மாசனத்தில் இருக்கும் சித்தப்பன். இவன் சொல்லும் அப்பா, செத்துப்போனவர். அதை எல்லோரும் கவனிப்பார்கள். மூன்றாம் அடியைப் பெரும்பாலும் தாண்டிவிடுவார்கள். அங்கே அம்மா தௌ-வை விட்டுவிட்டு யூ-வுக்கு மாறிவிட்டாள்! மடியில் வைத்திருந்த பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் அவளை நகரவிடாமல் உட்கார வைத்ததும் பயத்தில், "என்ன செய்யப் போறே? என்னைக் கொல்ல மாட்டியே?" என்று தௌ-வுக்கே ஓடி வருகிறாள். கடைசியில் மனம் உடைந்து, "என் நெஞ்சை ரெண்டாப் பிளந்துட்டே" என்பதும் தௌ தான். அந்த அக்கா சொன்னதுதான் சரி. தாங்கள் போட்டால் இந்தக் கதை முழுக்கப் போய்விடும்.

கூத்துக்கிறுக்கன்

மூன்றாவது அடியைச் சத்தியமாக நான் கவனிக்கவில்லை. மூன்று நாளாக அதே பக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. என் காதில் தௌ பெரிய மனுஷச் சொல்லாக விழுவது ஏன்? எனக்கு மட்டும் இல்லை, குழுவில் ஏழு பேருக்கும் அப்படித்தான்.

முள்ளங்கி

உங்க ஏழு பேருக்கு மட்டுமா? 1980-ல வந்த ஸ்டார் வார்ஸ் படத்துல டார்த் வேடர் சக்கரவர்த்தி முன்னால மண்டி போட்டு, "வாட் இஸ் தை பிட்டிங், மை மாஸ்டர்?"னு கேப்பாரு. கணக்குப்படி பார்த்தா, "உனக்கு என்னடா வேணும், எஜமானே?" அந்தப் பேரரசு ஏன் கவுந்துச்சுன்னு இப்பத் தெரியுது.

பாளையங்கோட்டை

முள்ளங்கி வே, காலையிலேயே சிரிக்க வச்சிட்டீரு.

காரணம் கோயில்தான் தம்பி. நான் சொல்றது சர்ச்சை. 1611-ல வந்த ஜேம்ஸ் அரசர் வேதாகமம் முந்நூறு வருஷத்துக்கு மேல இங்கிலீஷ்காரன் காதுல ஓடிக்கிட்டே இருந்துது. தெருவுல தௌ செத்துப்போச்சு, ஆராதனையில மட்டும் உயிரோட நின்னுது. ஒரு சொல்ல ஞாயித்துக்கிழமை மட்டும், கடவுள்கிட்ட மட்டும் பேசினா அதுக்குப் பட்டுவேட்டி தானா வந்துரும்லா.

ஆனா அந்த வேதாகமத்துல தௌ மரியாதைக்குப் போட்டது இல்ல. எபிரேயத்துலயும் கிரேக்கத்துலயும் ஒருமை இருந்தா தௌ, பன்மை இருந்தா யே, யூ. அவ்வளவுதான். கர்த்தருக்கும் தௌ, சாத்தானுக்கும் தௌ. "அப்பாலே போ சாத்தானே"ங்கிற இடத்துல 'கெட் தீ ஹென்ஸ்'. நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவைப் பார்த்து, "நீயே அந்த மனுஷன்"னு சொல்றதும் தௌ. ராஜான்னு பார்க்கல.

இதால ஒரு பெரிய லாபம் உண்டு. லூக்கா 22-ஆம் அதிகாரம், 31, 32 வசனம். நம்ம தமிழ்ல எப்படி இருக்குன்னு பாருங்க: "சீமோனே, சீமோனே, இதோ, கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான். நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." பேர் சொல்லிக் கூப்பிட்டது ஒருத்தனை. சாத்தான் கேட்டது எல்லாரையும். ஜெபம் பண்ணினது அந்த ஒருத்தனுக்கு. 1611 இங்கிலீஷ்ல இது அப்படியே யூ, தீ-ன்னு பிரிஞ்சு நிக்கும். இப்ப இருக்கிற இங்கிலீஷ்ல ரெண்டும் யூ. அடிக்குறிப்பு போட்டாத்தான் புரியும். சின்னப் பிள்ளையில ஞாயிறு பள்ளியில தமிழ்ல படிச்சதால இதுல ஒரு குழப்பம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. ஒரு இங்கிலீஷ் பிரசங்கியார் இதை விளக்க பத்து நிமிஷம் எடுத்தப்பத்தான் தெரிஞ்சுது.

அந்திவானம்

அப்படியானால் தமிழ் வேதாகமத்தில் கடவுளை மட்டும் 'நீர்' என்கிறார்களே? "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்றுதானே ஜெபம்? ஆங்கிலத்தில் தை நேம். அங்கே 'உன் நாமம்' என்று வந்திருக்க வேண்டும் இல்லையா?

பாளையங்கோட்டை

சரியான கேள்வி. இலக்கணப்படி உன் தான். ஆனா தமிழ்க் கிறிஸ்தவனுக்கு நீர்தான் நாக்குல வரும். நீ-ன்னா குறைச்சலா இருக்கு, நீங்கள்-னா ஆபீஸ் மேனேஜர்கிட்ட பேசுற மாதிரி தள்ளி நிக்குது. நடுவுல நீர். எங்க ஊர்ல சமவயசுக்காரன், "என்ன வே, எப்ப வந்தீரு?"ன்னு கேக்கிற அதே நீர்தான் தேவனுக்கும். இது அழகா அபத்தமான்னு எனக்கு இன்னைக்கு வரை தெரியல, ஆனா மாத்தச் சொன்னா சண்டைக்கு வருவேன்.

அந்திவானம்

சைவ வைணவப் பக்கம் வந்தால் நீயேதான். "அப்பன் நீ அம்மை நீ ஐயனும் நீ" என்று அப்பர். "இம்மையே உன்னைச் சிக்கெனப் பிடித்தேன்" என்று மாணிக்கவாசகர். ஆண்டாள் ஒரு படி மேலே போய் அதற்கு மன்னிப்பும் கேட்கிறாள்: "அன்பினால் உன்தன்னைச் சிறுபேர் அழைத்தனவும் சீறி அருளாதே." சிறுபேர் அழைத்தல்! ஆங்கிலேயர்கள் தௌ-வைப் பற்றி நூறு பக்கம் எழுதுகிறார்கள், இவள் ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

வல்லைவெளி

நல்ல இழை. நான் யாழ்ப்பாணம், இப்ப பதினெட்டு வருஷமா இங்கிலாந்தில யோர்க்ஷயர் பக்கம். ரெண்டு பக்கத்தாலயும் எனக்குச் சொல்ல இருக்கு.

முதல் எங்கட நீர். எங்கட அப்பா அம்மாவை நீர் எண்டுதான் கதைப்பார். "நீர் சாப்பிட்டீரோ?" அம்மா அப்பாவை நீங்கள் எண்டுவா. பள்ளிக்கூடத்தில வாத்தியார் வளர்ந்த பிள்ளையளை நீர் எண்டுவார். கோவம் வந்தால் நீ. சின்ன வயசில அப்பா அம்மாவை ஒருக்கா நீ எண்டு சொன்னது இண்டைக்கும் நினைவிருக்கு. சத்தம் கூடப் போடேல்ல. அந்த ஒரு எழுத்துக் குறைஞ்சதுதான். நாங்கள் பிள்ளையள் மூண்டு பேரும் சாப்பிடாமலே எழும்பிப் போயிட்டம். கெர்ட்ரூடின்ர மூண்டாவது அடியைப் பற்றிச் சொன்ன உடன எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது, திசை மட்டும் மறுவளம்.

ரெண்டாவது, தௌ செத்துப்போச்செண்டு பாளையங்கோட்டை அண்ணை சொல்லுறார். முழுக்கச் சாகேல்ல. நான் வேலை செய்யிற கடைக்கு வாற கிழவன்மார் தங்களுக்குள்ள 'தா' எண்டுதான் கதைப்பினம். தௌ தேய்ஞ்சு தா ஆனது. எனக்கு நாலைஞ்சு வருஷமா யூ தான் போட்டவை. ஒரு நாள் பால்போத்தல் வாங்க வந்த ஒரு கிழவர் "வாட்ஸ் தா திங்க்?" எண்டு என்னட்டைக் கிரிக்கெட் பற்றிக் கேட்டார். பிரஜாவுரிமைக் கடிதம் வந்த நாளை விட அது பெரிசாத் தெரிஞ்சது எனக்கு.

ஆனால் எல்லாருக்கும் போடேலாது. இஞ்ச ஒரு சொலவடை இருக்கு: "டோன்ட் தீ தா மீ." 'என்னைத் தா போடாதை, உன்னையே தா போட்டுப் பார், எப்பிடி இருக்கெண்டு தெரியும்' எண்டு மிச்சம் வரும். வயசுக்கு மூத்தவரை இளசுகள் தா எண்டால் இந்த அடிதான் விழும்.

முள்ளங்கி

"என்னைத் தா போடாதே"ங்கிறது அப்படியே நம்ம "என்ன வாடா போடாங்கிற?" தான். அந்தப் பால் பாட்டில் தாத்தாவுக்கு ஒரு வணக்கம்.

மரத்தடி வாசகி

வல்லைவெளி, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை வகுப்பில் சொல்லியிருந்தால் எனக்கு எத்தனையோ மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

தௌ-வை வசவாகப் போடுவதற்கு நீதிமன்றச் சாட்சியே இருக்கிறது. 1603 நவம்பரில் சர் வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு. லண்டனில் கொள்ளைநோய் என்பதால் வின்செஸ்டரில் நடந்தது. அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், பெரிய சட்ட மேதை, கத்துகிறார்: "ஐ தௌ தீ, தௌ ட்ரெய்ட்டர்!" இங்கே தௌ வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. 'உன்னை நான் நீ போடுகிறேன், துரோகியே' என்று. நம் செய்தித்தாள்களில் "அதிகாரி ஒருமையில் பேசியதாகப் புகார்" என்று வருமே, அதுதான்.

ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டாம் இரவு நாடகத்திலும் இதே வேலை உண்டு. சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதப்போகும் சர் ஆண்ட்ரூவுக்கு சர் டோபி யோசனை சொல்கிறார்: மூன்று தடவை தௌ போட்டால் தப்பில்லை. கோக்கைப் பார்த்துத்தான் இதை எழுதினார் என்று சொன்னவர்கள் உண்டு. அந்த நாடகம் 1602 பிப்ரவரியிலேயே மேடையேறியதற்குப் பார்த்தவர் ஒருவரின் நாட்குறிப்பு இருக்கிறது, வழக்கு அதற்கு அடுத்த வருடம். ஆக நாடகத்தை வழக்கு காப்பியடித்தது என்று வேண்டுமானால் சொல்லலாம், அதுவும் அளப்புதான்.

எனக்கு மிகவும் பிடித்தது லியர் மன்னன். மகள் கார்டீலியாவிடம் "யூ என்ன சொல்லப் போறே" என்று ஆரம்பிப்பவன், அவள் ஒன்றும் இல்லை என்றதும் தௌ-வில் இறங்கிவிடுகிறான், "உன் உண்மையே உனக்குச் சீதனமாக இருக்கட்டும்" என்று. அதைத் தடுக்க வந்த கெண்ட் பிரபு அரசனைப் பார்த்து, "வாட் வுட்ஸ்ட் தௌ டூ, ஓல்ட் மேன்?" அதாவது, "என்ன பண்ணப் போறே கிழவா?" சபையில் மூச்சு நின்றிருக்கும். இன்றைய ஆங்கில மாணவன் இதைப் படிக்கும்போது 'ஓல்ட் மேன்' மட்டும்தான் உறைக்கிறது, தௌ உறைப்பதில்லை. தமிழ் மாணவனுக்கு இரண்டும் உறைக்க வைக்கலாம். இந்த ஓர் இடத்தில் நாம் அவர்களைவிட வசதியாக இருக்கிறோம்.

முள்ளங்கி

கண்ணகி கேஸ் மாதிரியே! "தேரா மன்னா"ன்னு பாண்டியனை நீ போட்டுப் பேசினாளே.

தொல்காப்பியப்பூச்சி

அது சரியான ஒப்பீடு இல்லை ஐயா. "நின்பால் கொலைக்களப் பட்ட கோவலன் மனைவி" என்று அவள் நின் சொல்வது அவமரியாதை ஆகாது. அக்காலத்தில் அரசனைப் புலவர் அழைத்ததே அப்படித்தான். ஔவை அதியமானிடம் "இனியை பெரும எமக்கே" என்று கொஞ்சிவிட்டு, பகைவருக்கு இன்னாதவன் என்று சொல்லும்போது "நின் ஒன்னாதோர்க்கே" என்கிறார். கண்ணகியின் சூடு முழுக்கத் 'தேரா' என்ற அடைமொழியில் இருக்கிறது. நாத்தான் தாவீதை தௌ என்றதற்கு வேண்டுமானால் இதை இணை சொல்லலாம், கெண்டுக்குச் சொல்லக்கூடாது.

ஒருவரைப் பன்மையில் சொல்வது பற்றித் தொல்காப்பியம் நேரடியாகவே பேசுகிறது. கிளவியாக்கத்தில் வருகிறது:

"ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவியும்
ஒன்றனைக் கூறும் பன்மைக் கிளவியும்
வழக்கி னாகிய உயர்சொற் கிளவி
இலக்கண மருங்கிற் சொல்லா றல்ல."

மரியாதைக்காக ஒருவரைப் பன்மையில் சொல்வது உலக வழக்கில் வந்த உயர்வுச் சொல், இலக்கணத்தின் வழி அது இல்லை என்கிறார். தடுக்கவில்லை, ஆனால் இலக்கணம் என்றும் ஒப்புக்கொள்ளவில்லை. யூ என்று ஒருவரைக் கூப்பிட்டதைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மரத்தடி வாசகி

ஐயா, இந்தச் சூத்திரத்தை ஜார்ஜ் ஃபாக்ஸ் பார்த்திருந்தால் கட்டிக்கொண்டிருப்பார்!

தெரியாதவர்களுக்கு: ஃபாக்ஸ் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் தலைவர், பதினேழாம் நூற்றாண்டு. எந்தப் பெரிய மனிதனுக்கும் தொப்பியைக் கழற்றுவதில்லை, ஏழை பணக்காரன் பாராமல் எல்லோருக்கும் தௌ, தீ. அவருக்குக் காரணம் இரண்டு. மனிதருக்குள் உயர்வு தாழ்வு கிடையாது என்பது ஒன்று. ஒருவரைப் பார்த்து யூ என்பது பொய், இலக்கணப் பிழை என்பது இன்னொன்று. 1660-ல் இதற்காகவே இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு புத்தகம் போட்டார். பல மொழிகளிலிருந்து ஒருமை பன்மை எடுத்துக்காட்டுகளை அடுக்கி, பள்ளிப் பிள்ளைகளின் அரிச்சுவடிப் பலகை மாதிரிப் பக்கங்களை அச்சடித்து, படித்த வாத்தியார்களுக்கே பாடம் எடுத்திருப்பார்.

வீட்டுக்குள் இது எப்படி இறங்கியது என்பதற்குத் தாமஸ் எல்வுட்டின் தன்வரலாறு. பின்னாளில் கண் தெரியாத கவிஞர் மில்ட்டனுக்குப் புத்தகம் வாசித்தவர் இவர். இளைஞனாகக் குவேக்கர் ஆனதும் அப்பாவையே தௌ என்றார். அப்பாவோ ஊரில் மதிப்புள்ளவர். இன்னொரு தடவை தௌ என்றோ தீ என்றோ சொன்னால் பல்லைத் தொண்டைக்குள் இறக்கிவிடுவேன் என்று மிரட்டினார். அடியும் விழுந்தது. தொப்பியைக் கழற்றாத மகனின் தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வைத்துக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார். எல்வுட்டுக்கு அது வேதநெறி, அப்பாவுக்கு "டேய் அப்பா" என்பது மாதிரி. இரண்டு பேர் பக்கமும் நான் நிற்பேன்.

வல்லைவெளி

குவேக்கர்மாரை யோர்க்ஷயரில இப்பவும் மதிப்பாத்தான் கதைப்பினம். ஆனால் அவையும் இப்ப யூ தான்.

அந்திவானம்

எனக்கு இன்னும் ஒரு முள் இருக்கிறது. தௌ என்றால் நீ, நெருக்கம் என்றெல்லாம் ஷேக்ஸ்பியருக்குச் சரி. 1819-ல் கீட்ஸ் ஒரு கிரேக்க ஜாடியைத் தௌ என்கிறார். அடுத்த வருடம் ஷெல்லி வானம்பாடியை "ஹெய்ல் டு தீ" என்கிறார். அப்போது தெருவில் யாரும் தௌ பேசவில்லை. அந்தத் தௌ-வையும் வெறும் நீ என்று போட்டால், அதன் மேல் ஏறியிருக்கும் பழமை வாசனை போய்விடாதா? கூத்துக்கிறுக்கன் காதில் விழுந்த அரண்மனை பொய் இல்லை, அது பிந்திய நூற்றாண்டுகளின் அரண்மனை.

மரத்தடி வாசகி

ஒப்புக்கொள்கிறேன். ஒரே சொல்லுக்கு இரண்டு வயது. 1600-ல் அது வீட்டு உடுப்பு, 1819-ல் அருங்காட்சியக உடுப்பு. கீட்ஸுக்கு நான் நீ தான் போடுவேன், வாசனையை வேறு சொற்களில் ஏற்றிக்கொள்ளலாம். "நின்" என்று போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த இரண்டு வயதையும் குழப்பியதால் அடிபட்டது என்று நான் நினைப்பது தாகூரின் ஆங்கில கீதாஞ்சலி. 1912-ல் வந்த புத்தகம் "தௌ ஹாஸ்ட் மேட் மீ எண்ட்லெஸ்" என்று தொடங்குகிறது. வங்காளியில் துயி, துமி, ஆபனி என்று மூன்று படி. மூலத்தில் அவர் கடவுளைத் துமி என்கிறார், வீட்டில் புழங்கும் நடுப்படி. ஆங்கிலத்தில் தௌ ஆனதும் அதற்கு ஊதுபத்திப் புகை சூழ்ந்துவிட்டது.

பாளையங்கோட்டை

இங்க நான் ஒத்துக்க மாட்டேன் அம்மா. யூ போட்டிருந்தா கடவுள்கிட்ட பேசுறாரா, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பேசுறாரான்னே தெரியாமப் போயிருக்கும். 1912-ல இங்கிலீஷ்காரனுக்குக் கடவுளோட தனியா பேச இருந்த ஒரே சொல் அதுதான். புகைன்னு நீங்க சொல்றீங்க, எங்களுக்கு அது சாம்பிராணி.

1952-ல வந்த திருத்திய இங்கிலீஷ் வேதாகமத்துல ஒரு கூத்து பண்ணினாங்க: மனுஷருக்கெல்லாம் யூ, கடவுளுக்கு மட்டும் தௌ. அப்ப இயேசு பூமியில நடமாடும்போது சீஷர்கள் அவரை எப்படிக் கூப்பிடணும்? பேதுரு "நீர் கிறிஸ்து"ன்னு அறிக்கை பண்ற இடத்துல யூ போட்டுட்டாங்க. யூ-வா தௌ-வான்னு ஒரு எழுத்துல தெய்வீகத்தை முடிவு பண்ண வேண்டிய நிலைமை. 1989 பதிப்புல தௌ-வை எடுத்துட்டாங்க. நல்லவேளை, நமக்கு நீர் இருந்துது.

தொல்காப்பியப்பூச்சி

ஒரு சின்னத் திருத்தம், பொதுவாகப் புதிதாக எழுதுகிறவர்களுக்கு. தௌ-வுக்கு வினைமுடிவு தனி: தௌ ஹாஸ்ட், தௌ ஆர்ட், தௌ டஸ்ட். 'ஹாத்', 'டத்' என்பவை படர்க்கைக்கு. இணையத்தில் பழைய ஆங்கிலம் போல எழுதுகிறேன் என்று "தௌ ஹாத்" என்று போடுகிறார்கள். அது "நீ வந்தான்" என்பதற்குச் சமம். கடைப்பலகைகளில் இருக்கும் 'யே ஓல்ட்' இந்த யே கிடையாது. 'த' ஒலிக்கு இருந்த தார்ன் என்ற பழைய எழுத்து, எழுதி எழுதி ஒய் மாதிரி ஆகிவிட்டது. அதைத் 'தி' என்றுதான் படிக்க வேண்டும்.

முள்ளங்கி

நீ வந்தான். இதை டி-ஷர்ட்ல அடிக்கணும்.

கூத்துக்கிறுக்கன்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்தது, என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

முதல் அடிக்கு நீ. அதில் பிரச்சினை இல்லை, அக்கா முதல் வாசிப்பிலேயே பிடித்துக்கொண்டார். ஹாம்லெட்டுக்கு "அம்மா, நீங்க." மூன்றாம் அடிதான் இழுத்தது. அம்மா மகனைத் திடீரென்று நீங்கள் என்றால் பார்க்கிறவர்களுக்கு வசனம் மறந்துவிட்டதோ என்று தோன்றும் போல இருந்தது. இரண்டு மூன்று மாதிரி எழுதிப் பார்த்தேன். அக்காவே ஒரு கட்டத்தில், "தம்பி, நான் என் பையன் மேல நிஜமாவே கோவமா இருந்தா எப்படிப் பேசுவேன் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, குரலை ஏற்றாமல், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "அடேயப்பா. ஐயா நல்லாவே பேசக் கத்துக்கிட்டீங்க."

ஹாம்லெட்டாக நடிக்கும் பையன் அடுத்த வசனத்தை விட்டுவிட்டு "சாரிம்மா" என்றான். நிஜமாகவே சொன்னான்.

அதையே வைத்துக்கொண்டேன். மூலத்தில் அந்த அடியில் வரும் 'ஐடில் டங்' (வெட்டிப்பேச்சு) என்பதற்கு இது நேர் மொழிபெயர்ப்பு இல்லை என்று தெரியும். யூ வந்துவிட்டது.

ஒட்டுக்கேட்டுச் செத்துப்போன மந்திரி பொலோனியஸைப் பார்த்து ஹாம்லெட் சொல்லும் "தௌ ரெச்செட், ராஷ், இன்ட்ரூடிங் ஃபூல்" என்பதற்கு "அட மடையா, முந்திரிக்கொட்டை, உனக்கு ஏன் இந்த வேலை" என்று போட்டிருக்கிறேன். செத்த பிறகுதான் பெரியவருக்கு நீ.

கடைசியாக ஒன்று கேட்கணும். அதே காட்சியில் அப்பாவின் ஆவி வருகிறது. இங்கே ஹாம்லெட் ஆவியிடம், "உங்கள் தாமதக்கார மகனைக் கண்டிக்கத்தானே வந்தீர்கள்" என்று யூ போடுகிறான். ஆனால் முதல் அங்கத்தைப் புரட்டினால் இதே ஆவிக்கு விடாமல் தௌ. அச்சுப்பிழையா?

மரத்தடி வாசகி

பிழை இல்லை. ஷேக்ஸ்பியர் எல்லா இடத்திலும் இவ்வளவு கறாராக இருக்க மாட்டார், ஒரே பேச்சில் காரணமே இல்லாமல் மாற்றுவதும் உண்டு. காதலி ஓஃபீலியாவிடம் ஹாம்லெட் பேசும் காட்சியில் தீ-யும் யூ-வும் கலந்து கிடக்கும். ஆனால் நீங்கள் கேட்கிற இடத்துக்கு எனக்கு ஒரு பதில் இருக்கிறது. முதல் அங்கத்தில் அது அப்பாவா பிசாசா என்றே அவனுக்குத் தெரியாது. ஆவிகளிடம் தௌ தான் பேசுவார்கள், நண்பன் ஹொரேஷியோவும் அப்படித்தான் பேசுகிறான். அப்பாதான் என்று தெரிந்த பிறகும் "பாவப்பட்ட ஆவியே" என்று இரக்கத்தில் அதையே தொடர்கிறான். மூன்றாம் அங்கத்தில், பழிவாங்கு என்று அப்பா சொன்ன வேலையை முடிக்காமல் மாட்டிக்கொண்ட பிள்ளை அவன். பரீட்சை மார்க் அட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறவன் நீங்கள் தான் சொல்வான்.

கூத்துக்கிறுக்கன்

அப்படியென்றால், "அப்பா, நீங்களா..."

முள்ளங்கி

ஆவியா யாரு நடிக்கிறா?

கூத்துக்கிறுக்கன்

ஆள் இன்னும் கிடைக்கவில்லை. ஏழு பேரில் ஆறடி யாரும் இல்லை. வசனம் ஆறே அடி, ஞாயிறு மாலை ஐந்து மணி, டீ வடை உண்டு. உங்களுக்கு உயரம் எவ்வளவு?